பழனாத்தாள் கொண்டுவந்த தண்ணீர்

மாரியம்மன் நோம்பிக்கு வைத்த முளைப்பாரி அழுகிப்போனதற்கு ராமாமணிதான் காரணம் என்று ஊர் முடிவு கட்டியது. மறுநாள் காலை அவளுடைய மகள் பழனாத்தாள் என் வகுப்பில் எழுந்து நின்று கேட்டாள்.

"டீச்சர், தூரத்தோட தண்ணி ஊத்துனா வெதை மொளைக்காதுங்களா?"

இரண்டாம் வகுப்பு. ஏழு வயது. தூரம் என்றால் மாதவிலக்கு என்று அவளுக்குத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து கிளுக்கென்று சிரித்த நிதீஷுக்கும் தெரியாது. ஆனால் அது ஒரு பெண்ணைக் கூசவைக்கிற சொல் என்பது மட்டும் அந்த வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. இதையெல்லாம் யாரும் பாடமாக நடத்துவதில்லை. தானாக வந்துவிடுகிறது.

"ஏ பாட்டி, ஒக்காரு" என்றான் நிதீஷ். அப்பாவைப் பெற்றவளின் பேரை வைத்துவிட்டதால் பழனாத்தாளுக்கு வகுப்பில் அதுதான் பேர். "எங்கப்பாரு சொன்னாரு. உங்கம்மா பண்ணுனது சாமி குத்தமாமா."

"உங்க அப்பாரு எத்தனையாவது வரைக்கும் படிச்சிருக்காரு?" என்றேன்.

"அவரு படிக்கலீங்க டீச்சர். அவரு ஊர்க்கவுண்டருங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். பழனாத்தாள் சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.

அவன் சொன்ன அப்பாரு, அதாவது தாத்தா, பொங்கியண்ணன். கோயில் அவர் கையில். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் ஆசிரியர் கழகமும் அவர் கையில். என்னை வேலைக்கு வைத்ததும் அந்தக் கழகம்தான். நான் போத்தனூர்க்காரி. அப்பா ரயில்வேயில் கேங்மேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனது நான்தான் முதல். தாவரவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. படித்து முடித்த பிறகுதான் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தது. வெள்ளகோவிலில் ஓர் அறை எடுத்துத் தங்கி, நொய்யல் கரையில் இருக்கிற இந்த ஊருக்குத் தினமும் பஸ்ஸில் வந்துபோனேன்.

நொய்யலை ஆறு என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். மேலே திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் ஏற்றுகிற பட்டறைகள் கழித்துவிடுகிற தண்ணீர் அது. ஒருநாள் ஊதா, ஒருநாள் சிவப்பு, பெரும்பாலும் கறுப்பு. கரையோரக் கிணறுகளில் ஊறுவதும் அதுதான். குடிப்பதற்குப் பஞ்சாயத்துக் குழாயில் வேறு தண்ணீர் வந்தது. பயிருக்கும் மாட்டுக்கும் கிணறுதான்.

முளைப்பாரியை இந்த ஊரில் வீட்டுக்கு வீடு வளர்க்கமாட்டார்கள். எல்லாச் சட்டிகளும் ஒரே வீட்டு இருட்டறையில் இருக்கும். எந்த வீடு என்று அம்மனிடம் பூக்கேட்பார்கள். ஒவ்வொரு வீட்டின் பேரையும் சொல்லி, சிவப்பும் வெள்ளையுமாகப் பூப்பொட்டலம் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். யார் பேருக்கு வெள்ளை வருகிறதோ அந்த வீட்டுப் பெண் ஒருபொழுது இருந்து, நவதானியத்துக்குத் தன் கிணற்றில் சேந்திய தண்ணீரைத் தெளிக்கவேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது. அது பல பேர் கை பட்டது.

இந்த வருஷம் வெள்ளைப் பூ ராமாமணிக்கு வந்தது. அவள் புருஷன் நஞ்சுண்டனின் தோட்டம் ஆற்றை ஒட்டி இருந்தது. அவள் ஒரு குறையும் வைக்காமல் விடியும் முன்னே குளித்து, அந்தக் கிணற்றிலேயே சேந்தி ஊற்றியிருக்கிறாள். நோம்பியன்று கதவைத் திறந்தால் குப்பென்று நாற்றம். சட்டி சட்டியாகத் தானியம் கொழகொழத்துக் கிடந்தது. அவள் தூரமானதை மறைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிவிட்டாள் என்று யாரோ ஒருத்தி சொன்னாள். அது போதுமாக இருந்தது. ஒரு வருஷம் கோயில் படி மிதிக்கக்கூடாது, நல்லது கெட்டதுக்கு யாரும் அவள் கையால் எதுவும் வாங்கக்கூடாது என்று விதித்துவிட்டார்கள்.

நான் பாடப்புத்தகத்தை மூடிவைத்தேன்.

"ஊத்துறது யாருன்னு வெதைக்குத் தெரியாது கண்ணு" என்றேன். "அதுக்கு ஈரம் வேணும், காத்து வேணும், கொஞ்சம் சூடு வேணும். அவ்வளவுதான். நாமளே செஞ்சு பார்த்துருவோம். நாளைக்கு ஆளுக்கொரு கொட்டாங்குச்சி கொண்டாங்க. அவங்கவங்க கெணத்துத் தண்ணி ஒரு பாட்டில் கொண்டாங்க. பைப்புத் தண்ணி வேண்டாம். கெணத்துத் தண்ணி."

எல்லாக் கிணற்றுத் தண்ணீரிலும் பயறு அழுகும், எல்லார் வீட்டுப் பிள்ளையும் அதைக் கண்ணால் பார்த்துப் போய்ச் சொல்லும், ராமாமணி மேல் விழுந்த பழி தானாகக் கழன்றுவிடும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

மறுநாள் மேசை மேல் பாட்டில்கள் வரிசையாக நின்றன. இருமல் மருந்து பாட்டில், எண்ணெய் பாட்டில். ஒருவன் பிராந்தி பாட்டிலே கொண்டுவந்திருந்தான்.

"ஏன்டா, இது யாருது?"

"எங்க மாமனுதுங்க டீச்சர். காலி பண்ணிப்போட்டுத்தான் குடுத்தாருங்க."

சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தேன். ப்ளீச்சிங் பவுடர் வாடை. அடுத்ததைத் திறந்தேன். அதே வாடை. அதற்கடுத்ததும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

"இது கெணத்துத் தண்ணியா?"

"ஆமாங்க டீச்சர். அம்மா சேந்திக் குடுத்தாங்க."

"உன்னுது?"

"அம்மா சேந்திக் குடுத்தாங்க டீச்சர்."

வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி ஒரே சொல். நிதீஷ் மட்டும் கூடுதலாக, "எங்க கெணத்துல தண்ணி நல்லா இனிக்குமுங்க" என்றான். முந்தின நாள் சாயங்காலமே அவன் வீட்டில் சொல்லியிருக்கிறான். குழாய்த் தண்ணீரையே பிடித்துக் கொடுக்கும்படி பொங்கியண்ணன் வீடு வீடாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.

கடைசியில் பழனாத்தாள் வந்தாள். அவள் பாட்டிலில் இருந்தது பழுத்த வேப்பிலை நிறம். குலுக்கினால் நுரைத்தது.

"ஐயன் பைப்புல பிடிச்சுட்டுப் போன்னாருங்க. நீங்கதான் பைப்பு வேண்டாம்னு சொன்னீங்களே. அதான் நானே கெணத்துல சேந்துனேன்" என்றாள். அப்பாவை அவள் ஐயன் என்றுதான் சொல்வாள்.

அப்போதே எல்லாப் பாட்டில்களையும் வாசலில் கொட்டிவிட்டு, நானே குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணறு கிணறாகப் போயிருக்கலாம். தோன்றவில்லை. பழனாத்தாளின் முகம்தான் எதிரில் இருந்தது. மற்றவர்கள் பொய் சொன்னால் சொல்லட்டும், இவள் அம்மாவுக்கு விடிவு வந்தால் போதும் என்று நினைத்தேன். அவளுக்கு மட்டும் இரண்டு கொட்டாங்குச்சி கொடுத்தேன். ஒன்றுக்கு அவள் கொண்டுவந்த தண்ணீர். இன்னொன்றுக்குப் பள்ளிக்கூடத்துக் குழாய்த் தண்ணீர். மண் ஒன்று, பயறு ஒன்று, ஊற்றுகிற கையும் ஒன்று.

அந்த வாரம் வகுப்பில் வேறெதுவும் நடக்கவில்லை. பிள்ளைகள் பை மாட்டிய தோளோடு நேராக ஜன்னலுக்கு ஓடினார்கள். பச்சைப்பயறு முதலில் ஊதியது. தோல் வெடித்து வெள்ளையாக ஒரு வால் நீட்டியது. அந்த வால் கீழேதான் போகும், விதையை எப்படித் திருப்பிப் போட்டாலும் கீழேதான் போகும் என்று சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. ஒருவன் தோண்டித் தலைகீழாகப் போட்டுப் பார்த்தான். அடுத்தநாள் வந்து, "அட, திரும்பிக்கிச்சுங்க டீச்சர்!" என்று கத்தினான். பிறகு தண்டு கொக்கி மாதிரி வளைந்து மண்ணை முட்டிக்கொண்டு வந்தது. சிலது விதைத்தோலைத் தலையில் தொப்பியாகப் போட்டுக்கொண்டு நின்றன. நிதீஷ் தன் செடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "தொப்பியைக் கழட்டுடா, டீச்சர் வாராங்க" என்று அதட்டினான்.

பழனாத்தாளின் ஒரு கொட்டாங்குச்சியில் இலை விரிந்தது. இன்னொன்றில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. தோண்டிப் பார்த்தோம். பயறு ஊதி, கறுத்து, விரலில் பிசுபிசுத்தது. அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"நோம்பியன்னைக்கு இதே நாத்தம்தான் டீச்சர்."

பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ரெண்டுக்கும் நான்தானே ஊத்துனேன்?"

"நீதான்."

"அப்ப எங்கம்மா ஒண்ணும் பண்ணலை."

"ஒண்ணும் பண்ணலை."

மணி அடிக்கும்வரை அவளால் உட்காரமுடியவில்லை. பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

சாயங்காலம் ராமாமணி வந்தாள். வகுப்புக்குள் வரலாமா கூடாதா என்று வாசலிலேயே தயங்கினாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினேன். முளைத்திருந்த செடியைத் தொடவில்லை. அழுகினதில்தான் விரலை வைத்தாள். சத்தம் வெளியே வராமல் அழுதாள். மகள் அம்மாவின் இடுப்பில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், இதைக் கோயில்ல வந்து சொல்லுவீங்களா?" என்றாள் ராமாமணி. "எனக்குக் கோயிலுக்குப் போறதுகூடப் பெருசில்லீங்க. பக்கத்து ஊட்டுக்காரி என்ற கையால மோரு வாங்கமாட்டேங்கறா. அதுதானுங்க தாங்க முடியலை."

"சொல்றேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து ஊர் கூடியிருந்தது. நான் இரண்டு கொட்டாங்குச்சிகளையும் கோயில் வாசலில் வைத்துச் சத்தமாகவே சொன்னேன். ராமாமணியும் நஞ்சுண்டனும் ஓரமாக நின்றார்கள். பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எதிர்த்துப் பேசுவார்கள் என்று பதிலையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். பொங்கியண்ணன் எதிர்க்கவே இல்லை. குனிந்து, அழுகின பயற்றைக் குச்சியால் கிளறிப் பார்த்தார்.

"டீச்சர் சொல்றது சரிதானுங்க" என்றார். "நம்ம ராமாமணி மேல ஒரு தப்பும் இல்லை. நாமதான் அவசரப்பட்டுப் பேசிப்போட்டோம். ஏம்மா ராமாமணி, இந்தா, துந்நீறு வாங்கிக்க."

அவள் இரண்டு கையையும் நீட்டித் திருநீறை வாங்கினாள். பழனாத்தாள் என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

பொங்கியண்ணன் குரல் மாறவில்லை. "கெட்டது கெணறு. நஞ்சுண்டன் கெணறு. பாவம், அவன் தோட்டத்துக்கு அப்பிடி வாய்ச்சுப்போச்சு."

"அவர் கெணறு மட்டும் இல்லீங்க" என்றேன். "ஆத்தோரத்துல இருக்கற அத்தனை கெணறும் அப்படித்தான்."

"ஏனுங் அம்மணி, நீங்கதானே எல்லாக் கெணத்துத் தண்ணியும் கொண்டாரச் சொன்னீங்க? எல்லாப் பிள்ளைகளும் கொண்டாந்து ஊத்துச்சுங்களே. எல்லாம் மொளைச்சு நிக்குதாமே, பள்ளிக்கூட ஜன்னல்ல?"

"அது பைப்புத் தண்ணி!"

"அப்பிடீங்களா?" அவர் திரும்பினார். "நிதீஷு, இங்க வா சாமி. நீ என்ன தண்ணி கொண்டுபோனே?"

நிதீஷ் என்னைப் பார்த்தான். பிறகு தன் கால்விரலைப் பார்த்தான். "கெணத்துத் தண்ணீங்க."

"நீ?"

"அம்மா சேந்திக் குடுத்தாங்க."

அந்தந்தப் பிள்ளையின் அம்மாவும் அப்பனும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தர் முகமும் நிமிரவில்லை. அவர்கள் தென்னைகளில் குரும்பை உதிர்வதும், கிணற்றில் குளித்துவிட்டு அவர்கள் உடம்பைச் சொறிவதும் எனக்குத் தெரியும். அது அவர்களுக்கும் தெரியும். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது முழுதாக நினைவில்லை. "பிள்ளைகளை வெச்சுப் பொய் சொல்றீங்களே, வெக்கமா இல்லையா?" என்றது நினைவிருக்கிறது. டீச்சருக்குத் தண்ணி குடுங்க என்றார் பொங்கியண்ணன். இரண்டு பேர் சிரித்தார்கள். நஞ்சுண்டன் அப்போதுதான் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தான். திட்டுகிற பார்வைகூட இல்லை. ஓடிப்போன மாட்டைப் பார்ப்பது மாதிரி பார்த்தான்.

அடுத்த வாரமே பால் வண்டிக்காரன் நஞ்சுண்டன் வீட்டுக் கேனை மட்டும் ஏற்றாமல் விட்டுப் போனான். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற மாட்டுப் பால் வேண்டாமாம். பக்கத்துத் தோட்டத்து மாடும் அதே ஊற்றைத்தான் குடித்தது. அந்தக் கேன் ஏறியது. பண்ணையத்துக்கு வந்துகொண்டிருந்த ஆட்கள் நின்றார்கள். நஞ்சுண்டனின் தங்கைக்குப் பேசிவைத்திருந்த இடத்திலிருந்து, ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆள் வந்தது. நிச்சயத்துக்கு முன்னால் பொருந்தியிருந்த ஜாதகம்தான்.

நான் பொங்கியண்ணன் வீட்டுக்கே போனேன். மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங் அம்மணி. காப்பி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம். நான் கலெக்டருக்கு எழுதப் போறேன். எல்லாக் கெணத்துத் தண்ணியையும் அதிகாரிங்க வந்து எடுத்துப் பார்க்கட்டும்."

"எழுதுங்க. நாங்களும் முன்னாடி எழுதினவங்கதான். பட்டறைக்கே நேரா போய்ப் பேசிப் பார்த்தோம். எங்க ஊருப் பசங்க பாதிப்பேரு அங்கதான் சோறு திங்கறானுக. அவனுகளை நிறுத்தீருவோம்னாங்க. வாயை மூடிட்டு வந்துட்டோம்." அரிவாளைக் கீழே வைத்தார். "தண்ணி கெட்ட ஊருன்னு பேரு வந்துச்சுன்னா எவன் எங்களுக்குப் பொண்ணு குடுப்பான்? எவன் பாலெடுப்பான்? உங்களுக்கென்ன, கோவம் வந்தாப் போத்தனூருக்கு வண்டி ஏறிருவீங்க. ஒரு கெணறுன்னா ஒரு கெணத்தோட போகுது. ஊரு நிக்கட்டும்."

"அதுக்கு அந்தப் பொம்பளை மேல பழி போட்டீங்க. அது நிக்கலைன்னதும் அவங்க தோட்டத்து மேல போட்டீங்க."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்கமுடியவில்லை.

"போன வருசம் பாரி எங்கூட்டுலதான் வளந்துது, தெரியுங்களா? ராத்திரியோட ராத்திரியா பைப்புத் தண்ணியைத்தான் ஊத்துனோம். அதுக்கு முந்துன வருசம் வளத்தவங்களும் அப்பிடித்தான். ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்கலையே. இந்த ராமாமணிக்கு மட்டும் என்னமோ ஆசாரம் முத்திப்போச்சு. சொன்னபடியே செய்யோணும்னு நின்னுட்டா. என்ன பண்றது சொல்லுங்க?"

நான் எழுதினேன். பதில் வரவில்லை. எனக்கு அடுத்த வருஷம் வேலை இல்லை என்ற செய்தி மட்டும் தலைமையாசிரியர் வழியாக வந்தது.

முழுப் பரீட்சைக்கு முன்னாலேயே நஞ்சுண்டன் மாடுகளை விற்றான். தோட்டத்தைக் கேட்க ஆள் இல்லை. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் அவனுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். துணியை முக்கி எடுக்கிற வேலை.

அவர்கள் கிளம்பிய அன்று பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு பாய்க்கட்டு, கயிறு கட்டிய ஸ்டவ். நஞ்சுண்டன் என்னைக் கண்டதும் பீடியைக் கீழே போட்டுவிட்டு, "வாங்க டீச்சர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

ராமாமணியிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், "கோயிலுக்குப் போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவள் நெற்றியில் திருநீறு இருந்தது.

"போனேனுங்க. இப்பத்தான் எல்லாரும் நல்லாப் பேசறாங்களே. மோருகூட வாங்கிக்கறாங்க." பாய்க்கட்டின் கயிற்றை இழுத்து இறுக்கினாள். ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. "டீச்சர், உங்க மேல எனக்கு வருத்தம் இல்லீங்க. எனக்காகத்தானே வந்து பேசுனீங்க. ஆனா ஒண்ணு நெனைச்சுக்குவேன். அந்தப் பழி என்ற மேலயே இருந்திருக்கலாமுங்க. ஒரு வருசம். கண்ணை மூடித் தெறந்தாப் போயிருக்கும். தோட்டம் இருந்திருக்கும்."

தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நஞ்சுண்டன் பெட்டிகளிடம் வந்தான்.

பழனாத்தாள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். அம்மாவுக்குக் கேட்காமல் இருக்க என் காதருகே வந்தாள்.

"டீச்சர், ஐயன் சொன்ன மாதிரி நானும் பைப்புத் தண்ணியே கொண்டாந்திருந்தா, நாங்க இங்கயே இருந்திருப்போமுங்களா?"

பஸ் வந்து நின்றது. நடத்துநர் பெட்டியைப் பார்த்து, "லக்கேஜ் மேல போடுங்க, சீக்கிரம்" என்று கத்தினான். நஞ்சுண்டன் ஏணியில் ஏறினான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ செஞ்சதுதான் கண்ணு சரி" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பாடம் புரியாத பிள்ளைகள், டீச்சர் மனசு நோகக்கூடாதென்று ஆட்டுவார்களே, அப்படி ஆட்டினாள். பிறகு ஸ்டவ்வை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, அம்மாவின் பின்னால் படியேறிப் போனாள்.